நீ காத்த சரிவில் நான் வைத்த தீ

சட்டையை இரண்டு தரம் துவைத்தும் புகைவாடை போகவில்லை. நேற்றுக் காலை கல்வராயன் மலையில், நீ செத்துப்போன சரிவில், நானே சருகுக்குத் தீ வைத்தேன். மேலிடத்து உத்தரவுதான். நீ இருந்திருந்தால் என்னைக் கன்னத்தில் அறைந்திருப்பாய்.

வனக்காப்பாளர் வேலையில் நாம் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். உனக்குத் தீ என்றாலே ஆகாது. புகை தெரிந்தால் போதும், சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு தீயை அடித்து அணைக்க ஓடுவாய். மலை ஜனங்களோ தை மாதத்தில், பனி ஈரம் காயுமுன், சரிவின் உச்சியில் தீ வைப்பார்கள். அது சருகை மட்டும் தின்றுகொண்டு மெதுவாக இறங்கும். வெள்ளைக்காரன் அதைக் குற்றமாக்கிவிட்டுப் போனான். அவன் போன பிறகும் நாம் விடவில்லை.

"தையில வுட்டா கம்மியா எரியும் சார். சித்திரையில புடிச்சா தாங்காது" என்று கடுக்காய் பொறுக்க வந்த ஒருத்தி சொன்னாள்.

"காடு இன்னா உங்கூட்டு அடுப்பா? கேஸ் போட்டுடுவேன்" என்று சீறினாய்.

பல வருஷம் உன் எல்லையில் தீயே இல்லை. எல்லாரும் உன்னைப் பாராட்டினார்கள். சருகு முழங்கால் உயரம் சேர்ந்துகொண்டே இருந்தது. ஒரு சித்திரை மத்தியானம் தீ அடிவாரத்திலிருந்து ஏறியது. தீயணைக்க வந்த ஆட்களைக் காட்டி, "நீ இவங்கள கூட்டிக்கினு அந்தாண்ட பக்கமா எறங்குடா, நான் வரேன்" என்றாய். வரவில்லை.

நேற்றுத் தை ஈரத்தில் சரிவின் உச்சியில் தீக்குச்சி கிழித்தேன். தீ கணுக்கால் உயரத்தில் இறங்கிப்போய் ஒற்றையடிப் பாதையில் அணைந்தது. அவ்வளவுதான்.

சாயந்திரம் சங்கராபுரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் வாடையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா அணைச்சிக்கினே இருந்ததாலதான் சருகு சேந்துச்சின்றாங்க. அப்ப அப்பா செஞ்சது தப்பா மாமா?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சரிவில் நீ கன்றாக இருந்தது முதல் காத்த வேங்கை மரம், பெருந்தீயில் ஒரு பக்கம் கருகியும் துளிர்த்து நிற்கிறது. நேற்று என் தீ அதை நெருங்கியபோது, என்னை அறியாமலே உன்னைப் போலத் தழை ஒடித்து அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்கு அந்த மரத்தைக் காட்டப் போகிறேன். அப்பா வளர்த்தது என்று சொல்வேன். அதன் அடியிலிருந்துதான் உன்னைத் தூக்கினோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.