கட்லர் தெருவில் வளைந்த பள்ளி எல்லைக்கோடு

அனுப்புநர்:
ரோஸ்லின் டாகெட்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
27, கட்லர் தெரு,
கோல்ட்டர் ஃபால்ஸ், ஒஹாயோ.

பெறுநர்:
பொது ஆவணங்கள் குறைதீர் அலுவலர் அவர்கள்,
மாநிலத் தலைநகர்.

பொருள்: எந்தத் தெருக் குழந்தை எந்தப் பள்ளிக்குப் போவது என்ற எல்லையை எங்கள் ஊர்க் கல்வி வாரியம் பூட்டிய கதவுக்குள் மாற்றியது – வரைபடமும் காரணமும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வடக்குத் தொடக்கப்பள்ளியின் ஊஞ்சல்கள் தெரியும். என் மகள் மேவிஸுக்கு எட்டு வயது. திக்கிப் பேசுவாள். அந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஆசிரியை திருமதி ஹென்னிங் அவசரப்படாமல் காத்திருந்து, சென்ற வசந்தத்தில் அவளை எழுந்து நின்று ஒரு பக்கம் முழுவதும் வாசிக்க வைத்தார். ஆகஸ்ட் முதல் அவள் ஒன்பது மைல் தள்ளியுள்ள தெற்குப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று கடிதம் வந்தது. காரணம் எழுதப்படவில்லை. வாரியத்தின் முத்திரை மட்டும் மிகத் தெளிவாக இருந்தது.

2. இம்முடிவு பிப்ரவரி 11 காலை ஏழு மணிக்கு, பனிப்பொழிவுக்காக ஊரே விடுமுறையில் இருந்தபோது எடுக்கப்பட்டது. அறிவிப்பு முறைப்படி ஒட்டப்பட்டிருந்தது, பூட்டிய அலுவலகத்தின் உள்பக்கத்தில். எப்படியோ செய்தி அறிந்து நாங்கள் இருபத்து மூன்று பேர் வாசலில் நின்றோம். எட்டு மணிக்குக் கதவைத் திறந்த வாரியத் தலைவர் திரு. டுவைட் பர்கெட் அவர்கள் எங்களைக் கண்டு உண்மையாகவே வியந்தார். "ஏழேகாலுக்குப் பொதுமக்கள் பேச நேரம் குடுத்தோமே, யாருமே பேசலியே! சரி, எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்கிட்டோம்" என்றார். "கதவு பூட்டியிருந்துச்சே சார்" என்றார் என் பக்கத்து வீட்டுக்காரர். "அது குளிர் உள்ள வரக்கூடாதுன்னு பூட்டுனதுங்க" என்று அன்புடன் விளக்கினார் தலைவர்.

3. கூட்டக் குறிப்புகளைக் கேட்டு விண்ணப்பித்தேன். பதினோரு வாரங்களில் நூற்று நாற்பது பக்கங்கள் வந்தன. எல்லாவற்றிலும் கருப்பு மை பூசியிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'ஒளிவுமறைவற்ற நிர்வாகம்' என்ற வரியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். கூடவே மை பூசாத வரைபடம் ஒன்றும் இருந்தது. பச்சைப் பகுதி வடக்குப் பள்ளிக்கு, ஆரஞ்சுப் பகுதி தெற்குப் பள்ளிக்கு என்று குறிப்பு சொன்னது. நகல் கருப்பு வெள்ளையில் இருந்ததால் ஊர் முழுவதும் ஒரே சாம்பல் நிறம்.

4. ஆயினும் பேருந்து ஓட்டுபவள் என்பதால் புதிய வழித்தடத் தாள் என் கைக்கு வந்தது. அதில் எல்லைக்கோடு எங்கள் தெருவில் நேராக வந்து, நாற்பதாம் எண் வீட்டருகே திடீரென்று வளைந்து, ஒரே ஒரு வீட்டை வடக்குப் பள்ளியோடு சேர்த்துவிட்டு மீண்டும் நேராகச் செல்கிறது. அது தலைவரின் மைத்துனி வீடு. இதற்கு இயற்கை அமைப்பு காரணமாக இருக்கலாம் என்று நானே போய்ப் பார்த்தேன். மலையோ ஆறோ இல்லை. ஒரு நாய்க்கூண்டு இருக்கிறது.

5. தினமும் என் மகளை என் பேருந்திலேயே ஏற்றி, அவளுடைய பழைய பள்ளி வாசலைக் கடந்து ஓட்டிச் செல்கிறேன். புதிய பள்ளியில் அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். சென்ற வியாழக்கிழமை அந்த வாசலருகே சிக்னலில் நின்றபோது, முன் இருக்கையிலிருந்து கேட்டாள்: "அ... அம்மா, அந்த ஸ்கூல்ல நான் என்ன தப்பு பண்ணேன்?" வாரியத்தின் வழக்கப்படி நானும் பதில் சொல்லவில்லை. பச்சை விளக்கு விழுந்ததும் வண்டியை எடுத்தேன்.

ஆகவே, குறிப்புகளையும் வரைபடத்தையும் முழுமையாக வெளியிடவும், திறந்த கூட்டத்தில் மறுபடி முடிவெடுக்கவும், அதுவரை எங்கள் தெருவின் பதினேழு குழந்தைகளும் பழைய பள்ளியிலேயே படிக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். இவற்றுக்கு நாளாகும் என்றால், காரணம் எழுதிய தாள் ஒன்று எங்கேனும் இருப்பின் அதை மட்டுமாவது முதலில் அனுப்பி உதவுங்கள். என் பெயருக்கு வேண்டாம், மேவிஸ் டாகெட் என்று முகவரியிடலாம். அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

இடம்: கோல்ட்டர் ஃபால்ஸ்
நாள்: செப்டம்பர் 22

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ரோஸ்லின் டாகெட்