ஆடும் பல்லைத் தொடாதீங்க

என்னங்க,

நீங்க மில்லுல இருந்து வர்ற நேரந்தான், ஜீவிதா பாப்பா தூங்குறா. அவளோட இன்சூரன்ஸ் அட்டையை எடுத்துட்டு வர எரியோட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். சோறும் வெஞ்சனமும் மூடி வச்சிருக்கேன். அவளுக்கு ரசத்துல நல்லா குழைச்சு, ஆற வச்சுக் குடுங்க.

பக்கத்து வீட்டுப் பேச்சாயி அக்கா நூலோட வந்து, "ஆடுற பல்லுதானே, ஒரே இழுப்பு"ன்னு நிப்பாங்க. விடாதீங்க. தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் அவங்கதான் பல்லு எடுத்தாங்க, சரி. ஆனா ஜீவிதாவுக்கு இது தானா விழுற பல்லு இல்ல. தாடை எலும்புக்குள்ள ரத்தக்குழாய் தாறுமாறா பின்னிக் கிடக்கு, அதான் ஆடுது. பிடுங்கினா ரத்தத்தை நிறுத்த முடியாதுன்னு டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்னாரு. நீங்கதான் வரலையே. முதல்ல மதுரைக்குப் போயி, தொடை வழியா சின்ன ட்யூப் விட்டு அந்த ரத்தக்குழாயை அடைக்கணுமாம். பல்லெல்லாம் அப்புறந்தான்.

"ஒத்தப் பல்லுக்கு மதுரையா?"ன்னு நேத்து அம்புட்டுக் கத்துனீங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க. அவ முழிக்கிறதுக்குள்ள, அந்தப் பல்லுக்கு நேரா கன்னத்துல விரலை மெல்ல வச்சுப் பாருங்க.

வள்ளி

நாடி மாதிரி துடிக்கும், பயந்துறாதீங்க. அதைத் தொட்டதுல இருந்து எனக்குத் தனியா மதுரைக்குப் போகத் தைரியம் இல்ல.