கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஏழரைக்கே மண் சோதிக்கிற பெண் வந்துவிட்டாள். முழங்கால் வரை பூட்ஸ். மிதியடியைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள் — கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பிழைக்கத் தெரிந்தவள். இனி இந்த நோட்டில் அவள் பூட்ஸ்காரி.

எல்லாம் மருமகளின் ஏற்பாடு. ஏழு மாத வயிற்றோடு நகரத்து வாடகை வீட்டிலிருந்து வந்து ஒரு வாரமாக என்னுடன் இருக்கிறாள். எங்கள் பழைய வயலில் வீடு கட்டிக் குடிவர அவளுக்கும் மகனுக்கும் ஆசை. என் ஆசையைச் சொல்லவே வேண்டாம். ஆனால் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்காமல் ஒரு செங்கல்கூட வைக்க மாட்டாளாம். என் வீட்டுக்காரர் முப்பத்தெட்டு வருஷம் பாடுபட்ட நிலம். அவர் போய் ஆறு வருஷமாகத் தரிசு. அதற்கு இப்போது நன்னடத்தைச் சான்றிதழா?

"சான்றிதழ் இல்ல அத்தை, ரத்தப் பரிசோதனை மாதிரி. எனக்கும்தான் மாசாமாசம் எடுக்கறாங்க. நான் கோவிச்சுக்கிட்டேனா?"

வாயாடி.

இன்று மண் மட்டும். பன்னிரண்டு இடத்தில் துளைபோட்டு எடுத்தாள். கிணறு நாளைக்கு. தண்ணீர் பிடிக்கும் பாட்டில் பெட்டியைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 5, புதன்

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆறு பாட்டில். ஒவ்வொன்றின் அடியிலும் ஏதோ இரண்டு சொட்டு. இந்த அழுக்கிலா என் கிணற்றுத் தண்ணீரைப் பிடிப்பது? சோப்புப் போட்டு, மும்முறை அலசி, துணியில் கவிழ்த்துக் காயவைத்து, அவள் வருவதற்குள் பெட்டியில் அடுக்கிவிட்டேன். கான்வென்ட்டில் படித்த சுத்தம் வீண்போகவில்லை.

மாலை — தண்ணீர் பிடித்து மூடும்போது மருமகளிடம் பூட்ஸ்காரி சொன்னது காதில் விழுந்தது. "பாட்டில் அடியில கொஞ்சம் அமிலம் விட்டுத்தான் கொண்டுவருவோம். லேபுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் தண்ணி மாறாம இருக்கும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். இந்த வயதில், 'நான் கெடுத்துவிட்டேன்' என்று என் மகள் வயதுப் பெண்ணிடம் — நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

முடிவு வந்துவிட்டது. மண்ணில் பூச்சிமருந்து மிச்சமில்லை. தண்ணீரும் நல்லதாம்! மகன் போனில் கத்தினான்: "அம்மா, அப்பா நிலம் பாஸ்!"

மருமகள் கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளர் நிறைய ஒரே மூச்சில் குடித்தாள். "உங்க பேரப்பிள்ளைக்கு இப்பவே பழக்கறேன் அத்தை. பால் பவுடர் கரைக்கறதும் இதுலதான்."

அடி பாவி, வாயைத் திற, திற — என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது டம்ளரை நிரப்பப் போனவள் கையைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பு, அலசல், பன்னிரண்டு நாள் மௌனம்.

டம்ளரைக் கீழே வைத்தாள். "கழுவினதுக்குக் கோவமில்ல அத்தை," என்றாள். அறைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பூட்ஸ்காரிக்கு நானே போன் செய்தேன். ஒரு நிமிஷம் விடாமல் சிரித்தாள். "இருபது வருஷ சர்வீஸ்ல, பாட்டிலக் கழுவிக் குடுத்த முதல் ஆள் நீங்கதாம்மா! திறக்கும்போதே நான் பாத்திருக்கணும், என் தப்பும்தான்." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அமிலம் இல்லாம நாலு நாள் கெடந்தா, தண்ணியில இருக்கற கெடுதலும் இல்லாத மாதிரி காட்டும். நாளைக்கே வர்றேன். பெட்டி என் மடியிலயே இருக்கும்."

மார்ச் 18, செவ்வாய்

வந்து பிடித்துப் போனாள். என் வீட்டுக்காரர் எவ்வளவு உரம் போடுவார் என்று மறுபடி கேட்டாள். போன தடவை 'அளவோடு' என்றிருந்தேன். இன்று உண்மை. இரண்டு மூட்டை போதும் என்ற இடத்தில் நான்கு. "வந்த விருந்தாளிக்கும் வளர்ற பயிருக்கும் கணக்குப் பாக்கக் கூடாது" என்பார். நான் ஒரு குடை கேட்டால் இரண்டு வாங்கி வருகிற மனுஷன். கொடுக்கத்தான் தெரியும்.

மார்ச் 27, வியாழன்

மண் நல்லதுதான். கிணற்றில் நைட்ரேட், உரத்தின் மிச்சம், இருக்கலாம் என்ற எல்லையைப் போல இரு மடங்கு. கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. உடம்பு நீலம் பாய்ந்துவிடுமாம்.

"காய்ச்சிக் குடுத்தா?" என்று பூட்ஸ்காரியிடம் போனில் கேட்டேன்.

"காய்ச்சினா தண்ணிதான் சுண்டும். அது அப்படியே நிக்கும்மா."

அந்தப் பாலை நானேதான் கரைத்திருப்பேன். என் கையால்.

மருமகள் துணிகளை அடுக்குகிறாள். நாளை கிளம்புகிறாள். டாக்டரைப் பார்க்கும் நாளாம். இருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மகன் பேசினான். வீடு கட்டும் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மருமகள் வந்தாள். வாயும் வயிறுமாக, பஸ்ஸில்! கன்னாபின்னாவென்று திட்டினேன்.

"திட்டி முடிச்சதும் கையெழுத்துப் போடுங்க," என்று ஒரு தாளை நீட்டினாள். நகராட்சிக் குடிநீர்க் குழாயை நம் நிலம்வரை இழுக்க விண்ணப்பம். நிலம் என் பெயரில்தானே இருக்கிறது. 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

"அது உங்க இஷ்டம் அத்தை. கிணறு தூரம்னு எழுதினாலும் குடுத்துடுவாங்க."

பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: 'நாங்கள் இட்ட உரம் மிகுந்து, கிணற்று நீர் குடிக்க ஏற்றதாக இல்லை.' 'நாங்கள்' என்றுதான். அவரை மட்டும் தனியாக நிற்கவைக்க மனம் வரவில்லை.

வாசித்தாள். என் தோளில் தாடையை வைத்தபடி அடுத்த வரியை அவளே நிரப்பினாள். குழாய்நீர் பயன்படுத்துவோர்: நான்கு பேர்.

"மூணுன்னு போடு. நான் இந்தப் பழைய வீட்டுலயே—"

"நாலு," என்றாள், பேனாவை மூடிக்கொண்டே.