எனாமல் பூசிய புறாக்கள்

ஏப்ரல் 22, செவ்வாய்

நிஜப் புறாக்களை ஏமாற்றி இறக்கிச் சுடுவதற்கான பொய்ப் புறாக்கள் பன்னிரண்டும் காய்ந்துவிட்டன. வாசற்கதவுக்கு வாங்கியதில் மிஞ்சிய சாம்பல் நிற எனாமலை மூன்று கை பூசி, கழுத்துக்கு வெள்ளைப் பட்டையும் தீட்டினேன். இனி இவற்றைப் பிளாஸ்டிக் பொம்மை என்று சொல்ல எவனுக்கும் நாக்கு வராது. சமையலறை மேசையில் அவை வரிசையாக நிற்கிற நிற்பில், அரண்மனை விருந்துக்கு வந்த சீமாட்டிகள் தோற்றார்கள்.

மாலையில் ஹேசல் வந்தாள். என் தங்கை மகள். அவள் அப்பா போனபின் பண்ணை முழுக்க அவள் தலையில். மேட்டு வயலில் பட்டாணி இப்போதுதான் இரண்டு இலை விட்டிருக்கிறது. ஓக் மரத்து மூலையைக் காட்டுப் புறாக்கள் மொட்டையடித்துவிட்டனவாம்.

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன் மாமா. அதுக்குள்ள நீங்க வெரட்டலேன்னா கிளெம்மைக் கூப்பிட்டுருவேன். அப்புறம் அந்த வயல்ல சுடறது அவருதான். கோவிச்சுக்கக் கூடாது."

கிளெம். முப்பது வருடமாக அந்த வயலில் சுடுகிற உரிமை எனக்கு மட்டும். பக்கத்து ஊர்க் கிளெம் வேலிக்கு அப்பால் நின்று பெருமூச்சு விட்டு விட்டே அந்தப் பக்கத்துப் புல்லெல்லாம் சாய்ந்து கிடக்கிறது.

ஏப்ரல் 23

காலை முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்து புறாக்கள் வரும் வழியைப் பார்த்தேன். துப்பாக்கியைத் தொடவில்லை. வழி பார்க்காமல் வயலில் இறங்குகிறவன், ரயில் வராத ஊரில் டிக்கெட்டோடு நிற்கிறவன். சர்ச் தோப்பிலிருந்து கிளம்பி, ஓக் மரத்துக்கு மேலாக, நேரே பட்டாணிக்கு. எத்தனை? வானம் இருட்டி, கோழிகள் கூட்டுக்குத் திரும்பின என்று எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 24

வேலியோரம் வலை கட்டி, தழை செருகி, நான் ஒளிந்து உட்கார மறைப்பு தயார். காற்று முதுகில். சீமாட்டிகளை லாட வடிவில், காற்றைப் பார்த்த முகமாக நட்டேன். நடுவில் விருந்தாளிகள் இறங்க இடம்.

முதல் கூட்டம் வந்தது. இறக்கையை மடக்கிச் சரிந்தது. அப்புறம், அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தவர்கள் மாதிரி மொத்தமாகத் திரும்பிப் போய்விட்டது. இரண்டாவது கூட்டமும் அப்படியே. நாள் முழுக்க அப்படியே. தொலைவில் இறங்கிச் சாவகாசமாகப் பட்டாணி தின்றன. நான் கொண்டுபோன பன்றி இறைச்சி ரொட்டியைத் தின்றேன்.

சுட்டது ஒன்று. அதற்குக் கண்பார்வை சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 25

காரணங்கள்: காற்று. அடுத்த பண்ணைக்காரன் பறவை விரட்ட வைத்திருக்கிற வெடிச்சத்தக் குழாய். வளர்பிறையா தேய்பிறையா, அதுவும். எதற்கும் இருக்கட்டும் என்று சீமாட்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து நட்டேன். இன்று ஒன்றுகூட இல்லை.

ஹேசல் டிராக்டரை நிறுத்தி, என் காரணங்களைக் கேட்டுவிட்டு, "மேடை கோணலா மாமா?" என்றாள். சிரிக்கவில்லை. மொட்டை மூலை இன்னும் அகலமாகியிருக்கிறது. அந்தப் பட்டாணியை நம்பித்தான் அவள் இந்த வருடத்தை ஓட்ட வேண்டும் — நான் என்னத்தைப் பிடுங்கிக்கிட்டிருக்கேன் அங்க?

சாயங்காலம் வேலிக்கு மேலே கிளெம்மின் தொப்பி.

"வில்ஃப், சர்ச் ரோட்டுல வர்றப்பவே பாத்தேன். உன் வயல்ல பன்னெண்டு டீக் கெட்டில் மின்னுது."

"புறாடா அது."

"அது புறாவுக்குத் தெரியலையே. என்னத்த அடிச்ச, எனாமலா?"

நான் ஓக் மரத்தைப் பார்த்தேன்.

"சேறு பூசு. தாராளமா பூசு. நேத்து ஹேசல் வந்தா. நாளைக்குள்ள நீ வெரட்டலேன்னா ஞாயித்துக்கிழமை துப்பாக்கியத் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கா."

"அப்புறம் ஏன்டா எங்கிட்ட சொல்ற?"

"பாக்க சகிக்கல" என்றான். போய்விட்டான்.

இன்னும் ஒரு நாள் வாயை மூடியிருந்தால் வயல் அவனுடையது.

ஏப்ரல் 26, சனி

விடியற்காலையில் பன்னிரண்டு சீமாட்டிகளையும் பண்ணைக் குட்டையில் முக்கி எடுத்தேன். அரச குலம் இப்படியும் தாழ்ந்ததுண்டு.

காற்று நேற்றைய காற்றுதான். வெடிக் குழாயும் நேற்றைய குழாய்தான். முதல் கூட்டம் நேராக லாடத்துக்குள் இறங்கியது.

நாற்பத்தொன்று. ஊருக்குள் இது நானூறு என்று வழங்கும். விழுந்தவை போக மற்றவை சர்ச் தோப்பிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குமேல் பட்டாணியில் ஒரு மூக்கும் படவில்லை.

ஹேசல் வயலை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். "வயல் உங்களுக்குத்தான் மாமா. கிளெம்கிட்ட வர வேணாம்னு சொல்லிடறேன்."

"நானே சொல்லிக்கறேன்."

"இந்த பொம்மைங்களுக்கு என்னாச்சு, இப்படிச் சேறா?"

"போர்க்களம்" என்றேன்.

ஏப்ரல் 29

மறைப்பை இரண்டு முழம் அகலமாக்கினேன். மடக்கு நாற்காலி இன்னொன்றும் போட்டாயிற்று. புறாக்கள் ஓக் மரத்திலிருந்து வருவதால், வலப்பக்கம் உட்கார்கிறவனுக்குத்தான் முதல் பறவை. முப்பது வருடமாக அது என் பக்கம்.

வேலிக்கு அப்பால் கிளெம்மின் வண்டிச் சத்தம் கேட்டது. என் டீ ஃபிளாஸ்கை எடுத்து இடப்பக்கம் வைத்தேன்.