சீழ் பிடிக்காத புண்

கோபித்துக்கொண்டு போனவருக்கு,

சின்னவள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வார்டு ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன், நர்ஸ் முறைக்கிறாள்.

“எம்பொண்ணுக்குப் புண்ணு வந்தா சீழே பிடிக்காது” என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டீர்களே, அதுதான் நோயாம்.

“ரத்தத்துல வெள்ளை அணு ஏராளமா ஓடுதும்மா. புண்ணு பக்கம் வந்ததும் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடிச்சு நின்னாத்தான் வெளியேறிப் புண்ணுக்குள்ள போக முடியும். அப்படிப் பிடிச்சு நிக்க ஒரு புரதம் வேணும், இவளுக்கு அது இல்ல. அதான் தாண்டித் தாண்டி ஓடிடுது” என்றார் டாக்டர். அவை உள்ளே போய்ச் சண்டை போட்டால்தான் சீழே வருமாம்.

யார் வீட்டு ரத்தம் என்று அன்றைக்கு அடித்துக்கொண்டோமே, குறை இரண்டு பேரிடமிருந்தும் வந்ததாம். அவள் அண்ணன்காரனின் எலும்பு மஜ்ஜை பொருந்துகிறதாம். அடுத்த வாரம் மாற்றுவார்கள். பயப்படாதீர்கள், நான் பயப்படவில்லை. ஜன்னலைத்தான் பாடாய்ப் படுத்துகிறேன்.

ஆஸ்பத்திரிக் காவலாளி இன்று சொன்னார்: “உங்க வீட்டுக்காரர் தினமும் வர்றாரும்மா. கேட் வாசல் வரைக்கும் வந்துட்டு, நிக்காம அப்படியே தாண்டிப் போயிடுறாரு.”

மூன்றாவது மாடி, படியேறியதும் இடப்பக்கம். சண்டைதான் போட வேண்டுமென்றாலும் உள்ளே வந்து போடுங்கள்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் வீட்டுக்காரி