கருகாத திரி

அப்பா,

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்காமலேயே நீங்கள் வேலையாள் ஓரெஸ்தேயை ஒயின் தொட்டிக்குள் அனுப்பினீர்கள். அமரோனே ஒயினை வடித்த பிறகும் அடியில் தங்கும் திராட்சைச் சக்கையில் நச்சுக்காற்று நிற்கும், சுடர் அணைந்தால் இறங்கக் கூடாது என்பது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும்.

"முதலாளியோட விருந்தாளிங்க வந்துட்டாங்க, சீக்கிரம் சக்கைய அள்ளுடா" என்றீர்கள்.

"செத்தா எனக்கும் ஒரு பாட்டில் வைங்க, மேஸ்திரி" என்று சிரித்தபடி இறங்கினான். நான் வாளியோடு பக்கத்தில்தான் நின்றேன்.

சுடர் எரிந்தது என்று போலீசில் சொல்லிவிட்டீர்கள். குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்கிறார் முதலாளி. ஆணியில் தொங்கிய மெழுகுவர்த்தியின் திரி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அது இப்போது என்னிடம்.

நேற்று கேட்டேன், இன்னொரு கரண்டி சூப்பை எடுத்துக் குடித்தீர்கள். நாளை வெரோனாவில் நீதிபதியிடம் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள். என்னைச் சொல்ல வைக்காதீர்கள்.

உங்கள் மகள்