பின் சீட்டின் அளவு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம், தையல் மெஷினும் நலம். உங்கள் தோள்பட்டையைப் பற்றி உங்கள் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களைக் கேட்டால் "பரவாயில்ல" என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. போனில் படகுப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி பழைய கயாக் படகை விற்றுவிட்டேன். எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் எடுத்துக்கொண்டார். துடுப்பை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை, உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். வேறு படகு வாங்கக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆகவே வாங்கியிருக்கிறேன். கோபப்படுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வலது கையைத் தூக்கிச் சுழற்றக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார்? காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் துடுப்பு, பெடல், பாய் மூன்றுக்கும் இடமுள்ள படகாகத் தேடினேன். பெடலில் இரண்டு விதம். ஒன்றில் அடியில் விசிறி சுழலும், பின்னாலும் போகலாம், ஆனால் ஆழம் வேண்டும். இன்னொன்றில் மீன் செட்டை மாதிரி இரண்டு தகடுகள் ஆடும், தரை தட்டினால் மடங்கி அடியில் ஒட்டிக்கொள்ளும். நம் கரையோரம் முழங்கால் தண்ணீரும் பாசியும்தான், எனவே தகடு. ஒற்றை சீட்தான் லேசு, வேகம் என்று எலெக்ட்ரீஷியன் ஒற்றைக் காலில் நின்றார். நான் இரட்டை சீட் எடுத்தேன். கனம்தான், சக்கரம் வைத்து உருட்டிக்கொள்ளலாம்.

கடையில் படகை ஸ்டாண்டில் ஏற்றி என்னை உட்காரச் சொன்னார்கள். மெஷின் மிதித்த பழக்கத்தில் இரண்டு காலையும் சேர்த்து அழுத்தினேன். பெடல் அசையவே இல்லை. பெடல் ரிப்பேர் என்றேன். கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு கால் போனா மறு கால் வரணும்க்கா, ரெண்டும் சேந்து போகாது" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்புறம் பத்து நிமிடம் விடாமல் மிதித்தேன், மூச்சு வாங்கவில்லை.

பாய் நல்ல துணி. ஓரத்தில் ஒற்றைத் தையல்தான் போட்டிருந்தார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. பாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து இரட்டையாக அடித்துவிட்டேன். காற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அது உங்கள் இலாகா. சுக்கானின் பிடி பின் சீட்டில் இடது கைப்பக்கம் இருக்கிறது. இரண்டு விரலால் தள்ளினால் போதும், நானே தள்ளிப் பார்த்தேன்.

தோளுக்குப் பயிற்சி எடுக்க மூன்று மாதம் என்று அக்கா வீட்டுக்குப் போனீர்கள், ஐந்தாகிறது. பயிற்சி போன மாதமே முடிந்துவிட்டது என்று உங்கள் அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிற வீட்டுக்கு வர உங்களுக்கு மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் தினமும் தண்ணீரில் போனவர் கரையில் எப்படி நிற்பது என்று மருகுகிறீர்கள். அதில் எனக்கு அனுபவம் உண்டு, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். துண்டும் கையுமாக அந்தக் கரையில் நின்றவள் நான்தானே. கஷ்டமாகத்தான் இருந்தது. நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நீச்சல் தெரியாதவர்களை ஏற்ற மாட்டேன் என்பது உங்கள் சட்டம். சரியான சட்டம்தான். நீங்கள் போன மறுவாரமே நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் கிழவி. மூன்று வாரம் தண்ணீர் குடித்தேன். இப்போது குளத்தின் அகலத்தை நிற்காமல் கடக்கிறேன், நீளம் இன்னும் பாக்கி.

முன் சீட்டை என் காலுக்கு வைத்தாயிற்று. பின் சீட்டுக்குக் கால் நீளம் கேட்டார்கள். உங்கள் பேண்ட் தைக்கிற அளவு நோட்டைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் மிகவும் இளைத்துவிட்டதாக அக்கா சொன்னார். இளைத்தால் இடுப்புதான் குறையும், கால் குறையாது. இருந்தாலும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடைக்காரர்கள் படகை ஏரிக்குக் கொண்டுவந்து ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். படிவத்தில் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். துடுப்பு விஷயத்தில் ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவள் நான். இன்னொன்று சொல்ல வைத்துவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். வேளைக்குச் சாப்பிடுங்கள், வலது பக்கம் படுக்காதீர்கள்.

முன் சீட்டிலிருந்து,
உங்கள் மனைவி